பில்லிங் மென்பொருளுக்கு எந்த ஜியுஐ (திரை முகப்பு) டூல்கிட்? தமிழ் எழுத்து உடையக் கூடாது

கேள்வி

வணக்கம். ஹார்டுவேர் கடைக்கான பில்லிங் மென்பொருள். பைத்தான், எஸ்க்யூலைட் தரவுத்தளம். சுமார் 18,000 பொருள்கள், பெயர்கள் எல்லாம் தமிழில். ஓட வேண்டிய கணினிகள் மூன்று: இரண்டில் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், மூன்றாவது 32 பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி. கூடவே பார்கோடு ஸ்கேனரும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரும்.

பைத்தானோடு வரும் டிகின்டர் டூல்கிட்டில் செய்த மாதிரி விண்டோஸில் சரியாகத் தெரிகிறது. அதே நிரலை உபுண்டுவில் ஓட்டினால் "கெடு" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் மாற்றியும் பலன் இல்லை. கியூட்டி, டபிள்யூஎக்ஸ் பைத்தான், எலக்ட்ரான் மூன்றில் எதற்கு மாறலாம்? மூலநிரலைக் கொடுக்காமல் விற்கும் எண்ணம் இருப்பதால் உரிமமும் முக்கியம்.

பதில் 1

கோளாறு ஃபான்டில் இல்லை. யூனிகோடில் "கெ" என்பது க, அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துருவாக்க எஞ்சினின் வேலை. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 லினக்ஸில் எக்ஸ்எஃப்டி என்ற நூலகம் வழியாக எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைவதால் அந்த வேலை நடப்பதே இல்லை. விண்டோஸில் அதை இயங்குதளமே செய்துகொடுத்துவிடுகிறது, அதனால் தப்பித்தீர்கள். டியர் இம்ஜியுஐ என்ற டூல்கிட்டிலும் இதே குறை உண்டு. பார்க்க வேகமாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கியூட்டிக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க எஞ்சின் இருக்கிறது. டபிள்யூஎக்ஸ் விண்டோஸில் இயங்குதளத்தின் சொந்தக் கட்டுப்பாடுகளையும், லினக்ஸில் ஜிடிகே டூல்கிட்டையும் அதன் எழுத்து நூலகமான பாங்கோவையும் நம்பியிருக்கிறது. எலக்ட்ரானில் குரோமியம் உலாவி. மூன்றிலும் தமிழ் சரியாக வரும். ஆகவே தேர்வைத் தீர்மானிக்கப்போவது உங்கள் விண்டோஸ் 7 கணினிதான்.

கியூட்டி 6 விண்டோஸ் 7-இல் ஓடாது. கியூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடு 6-க்கு 32 பிட் விண்டோஸ் தொகுப்பும் கிடையாது. அந்தக் கணினி இருந்தே ஆகவேண்டும் என்றால் பைத்தான் 3.8 (விண்டோஸ் 7-ஐ ஆதரித்த கடைசிப் பதிப்பு), 32 பிட், பைசைடு 2-இன் 5.15.2. எலக்ட்ரானிலும் 22-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7 முடிந்துவிட்டது. 2 ஜிபி ரேமில் ஒரு முழு உலாவியை ஏற்றுவது எப்படியும் சரிவராது.

என் பரிந்துரை கியூட்டி. இறக்குமதிகளை நேரடியாக எழுதாமல் கியூட்டிபை என்ற இடையடுக்கு வழியாக எழுதுங்கள். பழைய கணினிக்கு பைசைடு 2, மற்றவற்றுக்கு பைசைடு 6 என்று ஒரே நிரலிலிருந்து இரண்டு தொகுப்பு எடுக்கலாம்.

உரிமம்: பைசைடு எல்ஜிபிஎல் (உங்கள் மூலநிரலை மூடி வைக்க விடும்). அதே வேலையைச் செய்யும் பைகியூட்டி ஜிபிஎல் (மூலநிரலையும் தரச் சொல்லும்) அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமம். காசு கொடுக்காமல், மூலநிரலை மூடி விற்க பைசைடுதான் வழி. பைத்தான் நிரலை இயங்கும் தொகுப்பாக மாற்றும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுங்கள். கியூட்டி டிஎல்எல்களை வாங்கியவர் மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும் என்ற எல்ஜிபிஎல் நிபந்தனைக்கு அது ஒத்துவரும். ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்த பிறகே திறக்கும், ஆன்டிவைரஸும் அதன்மேல் அடிக்கடி சந்தேகப்படும். பைசைடு 6-இல் எசென்ஷியல்ஸ் தொகுப்பை மட்டும் நிறுவினால் வெப்எஞ்சின் (உள்ளமைந்த உலாவி) போன்ற பெரிய சுமைகள் வராது.

பதில் 2

லினக்ஸ் உண்மையிலேயே தேவையா? கடைக் கணினி மூன்றும் விண்டோஸ் என்றால் சி ஷார்ப் மொழி, வின்ஃபார்ம்ஸ் டூல்கிட், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 என்ற மைக்ரோசாஃப்ட் வழியைத் தள்ளிவிடாதீர்கள். டாட்நெட்டை விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இல் நிறுவலாம். விண்டோஸ் 10-இல் 1903 முதல் கூடவே வருகிறது. அனுப்ப வேண்டிய கோப்பு மிகச் சிறியது. 2 ஜிபி கணினிக்கு இதைவிட இலகுவானது இல்லை. மேனிஃபெஸ்டில் (நிரலோடு போகும் அமைப்புக் கோப்பு) டிபிஐ (திரை அடர்த்தி) அமைப்பை மட்டும் மறக்காதீர்கள், இல்லையென்றால் 125% அளவில் எழுத்து மங்கும்.

எந்த டூல்கிட் எடுத்தாலும் மாறாத ஒரு சிக்கல்: ஒகர உயிர்மெய்யை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். "ொ" ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு விதமாகச் சேமித்து மற்ற விதமாகத் தேடினால் "கொக்கி" கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் என்எஃப்சி (ஒரு எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டு வரிசையில் வைக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கள். ஔகாரத்தில் "ௌ" குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடிப்பவர்கள் உண்டு. என்எஃப்சி அதைச் சரிசெய்யாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளீட்டுப் பெட்டியின் நீள வரம்பும் இதே கதைதான். "கோயம்புத்தூர்" கண்ணுக்கு 7 எழுத்து, நிரலுக்கு 13 குறியீடு. வரம்பு 10 என்று வைத்தால் "கோயம்புத்த" என்று நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. லினக்ஸ் அடுத்த ஆண்டு வேண்டியிருக்கும், அதனால் கியூட்டி. மாதிரி ஒன்று கட்டியாயிற்று. பொருள் பட்டியல் திறக்க நேரமாகிறது, சாளரம் உறைந்து நிற்கிறது. பிரிண்டரில் தமிழ் வரிகள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன.

பதில் 3

பிரிண்டரின் எழுத்துப் பட்டியலில் தமிழ் இல்லை. பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 576 புள்ளி. அந்த அகலத்தில் கியூட்டியின் கியூஇமேஜ் (படம்) எடுத்து கியூபெயின்டரால் வரைந்து, ஒரு பிட் மோனோவாக மாற்றுங்கள். ஃபான்ட் அளவைப் பாயின்டில் தராமல் பிக்சலில் கொடுங்கள். 26-க்குக் கீழே போனால் மெய்யெழுத்தின் புள்ளி கரைய ஆரம்பிக்கும். ஆன்டிஅலையாசிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தின் சாம்பல் நிறம் மோனோவில் பொரிப்பொரியாகும்.

அனுப்ப வேண்டிய பைட்டுகள் (பதின்ம எண்ணில்): 29, 118, 48, 0, பிறகு அகலம் 72, 0 (576-ஐ எட்டால் வகுத்தது), பிறகு உயரம், கீழ் பைட் முதலில், அதன்பின் படம். அகலத்தில் ஒரு பைட் பிசகினாலும் பில் முழுக்கச் சாய்ந்து வரும். கறுப்பு வெள்ளை தலைகீழாக வந்தால் படத்தைப் புரட்டி அனுப்புங்கள். முழு பில்லையும் ஒரே படமாகத் தள்ளாமல் 128 வரிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு பைட்டுகளோடு அனுப்புங்கள். மலிவான பிரிண்டரின் நினைவகம் நிரம்பினால் நடுவிலிருந்து குப்பை அச்சாகும். விண்டோஸில் 'ரா' வகை (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும்) வேலையாக அனுப்ப வேண்டும்.

பதில் 4

உறைவதற்குக் காரணம் அநேகமாக கியூடேபிள்விட்ஜெட் என்ற கியூட்டி அட்டவணை. 18,000 வரி, வரிக்கு 6 கட்டம் என்றாலே அதற்காக 1,08,000 கட்டங்களை முன்கூட்டியே உருவாக்க வேண்டியிருக்கும். கியூடேபிள்வியூவுக்கு மாறி, அப்ஸ்ட்ராக்ட் டேபிள் மாடலை நீங்களே எழுதுங்கள். திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டுமே தரவு கேட்கும். நெடுவரிசை அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாற்றும் அழைப்பையும் எடுத்துவிடுங்கள். நீண்ட வினவலைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் இழை) ஓட்டுங்கள். தரவுத்தள இணைப்பையும் அந்த த்ரெட்டுக்குள்ளேயே திறக்க வேண்டும், முதன்மை த்ரெட்டின் இணைப்பைக் கடன் வாங்கக் கூடாது. முடிவை கியூட்டியின் சிக்னல் (செய்தி) வழியாக அனுப்புங்கள். த்ரெட்டுக்குள்ளிருந்து விட்ஜெட்டை (திரை உறுப்பை) தொட்டால் எப்போதாவது, காரணம் பிடிபடாமல், மென்பொருள் விழும்.

ஸ்கேனர் பற்றி யாரும் சொல்லவில்லை. அது விசைப்பலகைபோல நடந்து கடைசியில் என்டர் அடிக்கும். கியூடயலாக் சாளரத்தில் இருக்கும் பொத்தான்கள் தானாகவே ஆட்டோ டீஃபால்ட் (என்டர் அடித்தால் அழுந்தும் நிலை) ஆக இருப்பதால் அந்த என்டர் 'சேமி'யை அழுத்திவிடும், ஒரு பொருளோடு பில் மூடிவிடும். எல்லாப் பொத்தானிலும் அதை அணையுங்கள். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது ஸ்கேன் செய்தால் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாக விழும். எண் மட்டுமே உள்ள பார்கோடில் இது தெரியாது, அதனால் எழுத்து கலந்த ஒன்றை வைத்துச் சோதியுங்கள்.