குடி திரும்பியபோது மருத்துவர் கேட்டவை

என் அண்ணன் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது உடனிருந்து கண்டவற்றை, இதே நிலையில் தவிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

நெடுங்காலம் அளவுமீறிக் குடித்தவர் திடீரென அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்தார். மதுவின் மந்தப்படுத்தும் விளைவை ஈடுகட்டிப் பழகிய மூளை, மது நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ச்சியுறுவதால், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் வரக்கூடும். அண்ணனுக்கு வலிப்பு வரவில்லை. ஆனால், தண்ணீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்தும் பாதித் தண்ணீர் மார்பில் சிந்தியது. வெறும் போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் டயசெபாம் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தும், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டும் அந்தக் கட்டத்தைக் கடக்க வைத்தார்கள்.

அதோடு நோய் தீர்ந்தது என்றே உறவினர் பலரும் எண்ணினார்கள். ஆனால், மது உடலை விட்டு நீங்கிய பின்னும், டோபமின் என்னும் வேதிப்பொருள் வழியாக மூளை கற்றுக்கொண்ட வேட்கை நீங்குவதில்லை. பழைய நண்பரின் குரலோ, மாலை நேரமோ, ஒரு மனக்கசப்போ அதைத் தூண்டிவிடப் போதும். 'மனம் வைத்தால் விட்டுவிடலாம்' என்று எளிதாகச் சொல்கிறார்கள்; அந்த உந்துதலைத் தடுத்து நிறுத்த வேண்டிய முன்மூளைப் பகுதியையே இந்நோய் தளரச் செய்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

சில மாதங்களுக்குப் பின் அண்ணன் மீண்டும் குடித்தார். 'ஏன் குடித்தீர்கள்?' என்று மருத்துவர் கேட்கவில்லை. தூக்கம் எப்போது கெட்டது, தொடர்ந்து போடச் சொன்ன மாத்திரை எந்த வாரத்தில் நின்றது, அன்று யாரோடு இருந்தார் என்றே ஒவ்வொன்றாகக் கேட்டார். குடிப்பதற்குப் பல நாட்கள் முன்பே உறக்கமும் மாத்திரையும் தவறியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மீண்டும் போதைக்குத் திரும்புவதாக 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. உயர் ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் மீண்டும் தீவிரமாகும் விகிதம் இதற்குக் குறைந்ததன்று என்பதும் அதிலேயே உள்ளது. ரத்த அழுத்தம் ஏறியவரை எவரும் வீட்டைவிட்டு விரட்டுவதில்லை, மருந்தைத்தான் மாற்றுகிறார்கள்.

நோய் என்று சொல்வதால் அவருடைய பொறுப்பு குறைந்துவிடவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்வதும், வேட்கை எழும்போதே வாய்விட்டுச் சொல்வதும் அவர் செய்ய வேண்டியவை. அப்படிச் சொல்லும்போது சீறி விழாமல் கேட்பது எங்கள் பங்கு. கல்லீரல் பரிசோதனைக்குப் பின் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்து தொடங்கப்பட்டது, மனநல ஆலோசனையின் இடைவெளியும் குறைக்கப்பட்டது. வேட்கை முழுதாக அகலவில்லை, ஆனால் அது வரும் நேரத்தை இப்போது அவரே முன்கூட்டி உணர்ந்து எங்களை அழைக்கிறார்.