டோல்படல் கிராமத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?

பீளமேட்டுக்காரன்:
மகன் இங்கிலாந்தில் போர்ன்மவுத் நகரில் வேலை பார்க்கிறான். ஜூலையில் போகிறேன். அதே டோர்செட் பகுதியில்தான் டோல்படல் இருக்கிறதாம். தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக 6 பேரை நாடு கடத்திக் கப்பலேற்றினார்களே, அவர்களுடைய ஊர். அப்பா மில்லில் ஸ்பின்னிங் ஆள். சந்தா ரசீதுகளைக்கூட டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தவர். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? மகன் கடற்கரைக்கு இழுக்கிறான்.

ஒண்டிப்புதூர் ஃபிட்டர்:
தாராளமாகப் போங்கள் அண்ணா. மகள் வீட்டுக்குப் போனபோது நான் பார்த்தேன். சின்ன ஊர்தான். ஆனால் வழக்கின் சூட்சுமம் தெரிந்துகொண்டு போங்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமே இல்லை. 1824இலேயே தடை நீங்கிவிட்டது. 9 ஷில்லிங் வாரக்கூலி 7 ஆகி, 6 ஆகப் போகிறது என்றதும் அந்த ஊர்ப் பண்ணைக் கூலியாள் ஜார்ஜ் லவ்லெஸ் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். சேருகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும். கட்டை அவிழ்த்தால் எதிரே எலும்புக்கூட்டுப் படம்! அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட சட்டத்தைத் தோண்டியெடுத்து, 1834இல் கூலியாட்கள்மேல் பாய்ச்சி, 7 வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஒன்றுக்கு ஆத்திரப்பட்டு வேறொன்றுக்குச் சார்ஜ் ஷீட் கொடுப்பதை நாம் மில்லில் பார்க்காததா?

அவர்களை விடுவிக்கக் கோரி லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் 5 பேர் பிறகு கனடா போய்விட்டார்கள். ஜேம்ஸ் ஹேமட் மட்டும் ஊரிலேயே தங்கினார். சத்தியம் நடந்த இரவு அவர் அங்கே இல்லவே இல்லை, சகோதரருக்காகப் பழியை ஏற்றார் என்பார்கள். 1891இல் டோர்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. 1934இல் தொழிற்சங்கங்கள் கட்டிய 6 வீடுகளையும் அருங்காட்சியகத்தையும் அதற்கப்புறம் பாருங்கள்.

அவிநாசி ரோடு:
ஐயா, டோல்படலுக்கு விசா வேண்டும், சின்னியம்பாளையத்துக்கு டவுன் பஸ் போதும். 1946 ஜனவரி 8இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய மில் தொழிலாளர்கள் நால்வரின் நினைவிடத்தை அங்கே முதலில் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம்தானே?

பீளமேட்டுக்காரன்:
ஜனவரி தோறும் அப்பா கையைப் பிடித்துப் போன இடம் தம்பி அது. அதனால்தான் இந்த ஆசையே. ஃபிட்டர் அண்ணா, ஜூலையில் ஏதாவது விசேஷம் உண்டா?

ஒண்டிப்புதூர் ஃபிட்டர்:
உண்டு. ஒரு வார இறுதியில் சங்கங்கள் பேனர் பிடித்து ஊர்வலம் போகும், ஹேமட் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். அன்றைக்குக் கூட்டம் நெரியும். காரை நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும் என்று மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.