சின்ன ட்ரெய்லருக்கு ஆவ்னிங்: அரியமான், வாலிநோக்கம் காற்றுக்குத் தாங்குமா?

உச்சிப்புளி இழுவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது பத்தடி ஃபைபர் ட்ரெய்லர், இழுத்துப் போய் உள்ளே படுத்துக்கொள்ளும் வண்டி. ஒற்றை அச்சு, சுமையோடு சேர்த்து 750 கிலோவுக்குள் பதிவானது. உள்ளே படுக்கத்தான் இடம், உட்கார்ந்து நாலு பேர் சாப்பிட முடியாது. கதவு இடது பக்கம். அதற்கு மேலேயே, கைப்பிடியைச் சுற்றினால் விரியும் ரோலர் ஆவ்னிங் (சுவரிலிருந்து வெளியே நீளும் நிழல் துணி) ஒன்றைப் பொருத்தலாம் என்று இருக்கிறேன். நீளம் 2.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் நீளும். வீட்டில் அதற்கு ஒப்புதல் இல்லை. வண்டியோடு ஒட்டாத தனிக் கூடாரம் போதும் என்கிறாள் மனைவி. பெரும்பாலும் ராமநாதபுரம் கடற்கரையில், அரியமானிலும் வாலிநோக்கத்திலும்தான் நிறுத்துவோம். இந்தக் கரையில் எது நிற்கும்?

மதுரைக் கூடாரம்:
ஆவ்னிங்கே போடுங்கள். நிறுத்திய கையோடு நிழல் தயார். தனிக் கூடாரம் என்றால் கம்பி எங்கே, முளை எங்கே என்று தேடி முடிப்பதற்குள் பிள்ளைகள் வெயிலில் வாடிவிடும். வைகை அணை, மேகமலை அடிவாரம் என்று நாங்கள் சுற்றாத இடமில்லை, ஆவ்னிங் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. கடற்கரைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? முன்கால் இரண்டையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் ஆயிற்று.

பாம்பன் காற்று:
மதுரை அண்ணே, வைகை அணையும் வாலிநோக்கமும் ஒன்றா? பழைய பாம்பன் ரயில் பாலம் புழக்கத்தில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் ஆட்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் ராமேஸ்வரம் தீவுக்கு வருகிறார்களே, தீர்த்தம் ஆடவா? தென்மேற்குக் கச்சான் காற்று ஒரு பருவம், வடகிழக்கு வாடை ஒரு பருவம், இரண்டும் ஓய்ந்திருக்கும் நாட்கள் கொஞ்சம்தான்.

கணக்கே போட்டுவிடலாம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். கட்டடம் கட்டுகிறவர்கள் போடும் கணக்குதான். தம்பி சொல்லும் ஆவ்னிங் 5 சதுர மீட்டர். 29 கிலோமீட்டர் காற்று நேராக முகத்தில் அடித்தால் சுமார் 20 கிலோ தள்ளும். 58 ஆனால் 80 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, தள்ளல் நான்கு மடங்கு. அதைத் தாங்கப்போவது எது? ஃபைபர் சுவரில் இறக்கிய நாலைந்து ஸ்க்ரூ. வண்டிக்குப் பாய் விரித்துக் கட்டின மாதிரிதான். வள்ளத்தில் பாயை எப்போது இறக்குவது என்று பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் உண்டு. உங்கள் வண்டியில் எல்லோரும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

மதுரைக் கூடாரம்:
தம்பி, பயம் காட்டாதீர்கள். 58 கிலோமீட்டர் காற்றில் எவன் ஆவ்னிங்கை விரித்து வைப்பான்? காற்று ஏறுகிறது என்று தெரிந்தால் சுருட்டிவிட்டுப் போகிறோம். அந்த வசதிக்குத்தானே ரோலர்! தனிக் கூடாரத்தை அந்த நேரத்தில் கழற்றிப் பாருங்கள். ஒருவர் துணியைப் பிடிக்க, ஒருவர் கம்பியைப் பிடிக்க, மூன்றாவது ஆள் பையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்.

சவுக்குத் தோப்பு:
அரியமானில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியூர் வண்டி ஒன்று, ஆவ்னிங்கை விரித்தபடி விட்டுவிட்டு எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள். பெரிய காற்றுகூட இல்லை, திடீரென்று ஒரு வீச்சு. முன்கால் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. துணி மேலே புரண்டு கூரையில் விழுந்தது. சுவர் ஓரத்தில் ரிவெட் ஒவ்வொன்றாகக் கழன்று, பட்டை தொங்கி, அந்த ஓட்டைகளைச் சுற்றி ஃபைபர் தோல் உரிந்து உள்ளே இருந்த மஞ்சள் நுரை தெரிந்தது. அவர்கள் ஈரத்துணியோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மதுரைக் கூடாரம்:
விரித்துப் போட்டுவிட்டு ஆள் இல்லாமல் போனால் அப்படித்தான். ரோலரோடு வரும் குறிப்பிலேயே அதைச் செய்யாதே என்று எழுதியிருக்கும். அதற்கு ஆவ்னிங் என்ன செய்யும்?

கீழக்கரை பட்டறை:
நான் இடையில் வருகிறேன். வேன், லாரி பாடி கட்டுவது என் தொழில். சண்டை ஆவ்னிங்கா கூடாரமா என்பதில் போகிறது, எனக்கு அது இரண்டாவது கேள்வி. எதில் பிடித்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேலே சொன்ன வண்டியில் வெறும் தோலில் ரிவெட் அடித்திருக்கிறார்கள், அது குழந்தை தொங்கினாலே வந்துவிடும். சுவருக்குள் இருக்கும் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, உள்பக்கம் அலுமினியப் பட்டை வைத்து, ஊடே போல்ட் போட வேண்டும். அப்போது இழுப்பு ஒரு ஓட்டையில் விழாமல் பட்டை முழுவதும் பரவும்.

இன்னொன்று, நம் உப்புக் காற்று. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். போல்ட் 316 ரகம் வாங்குங்கள், 304 இங்கே சீக்கிரம் துருப்புள்ளி விடும். ஓட்டையை மூட வெறும் சிலிக்கானை நம்பாதீர்கள். பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டி இறுக்குங்கள், வண்டி குலுங்கினாலும் விடாது. இதையெல்லாம் செய்தால் ரோலரும் நிற்கும். ஆனால் ரோலரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உச்சிப்புளி இழுவண்டி:
ஏன் காக்கா? (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.)

கீழக்கரை பட்டறை:
எடை. உங்கள் 2.5 மீட்டருக்கு நல்ல பெட்டி ரோலர் 20 கிலோவை ஒட்டி வரும், அதுவும் உயரத்தில், ஒரே பக்கத்தில். 750 கிலோ வண்டியில் அந்தப் பக்கம் பாரம் கூடும். அப்புறம் பாம்பன் ரோடு பாலத்தில் குறுக்குக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பதில் சுவரில் ஒரு ரயில் மட்டும் போடலாம், நீளமான அலுமினியக் காடி. ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த துணியை அதில் ஒரு முனையிலிருந்து உருவி நுழைத்தால் ஆவ்னிங். வேண்டாம் என்றால் உருவி எடுத்து மடித்து வைத்துவிடலாம். பெட்டி இல்லை, ஸ்பிரிங் இல்லை, உப்பு தின்ன உள்ளே எதுவும் இல்லை.

மதுரைக் கூடாரம்:
ஸ்பிரிங்கை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் பல வருஷம் வரும்.

பனங்காட்டு அக்கா:
மதுரைத் தம்பிக்கு எங்கள் ஊர் தெரியாது போலிருக்கிறது. சாயல்குடிப் பக்கம் வந்து பாருங்கள், குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற வீட்டில் ஆவ்னிங்குக்கு எண்ணெய்க் குளியலா?

சரி, எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். கடலில் குளித்துவிட்டு வரும் பெண்பிள்ளை எங்கே துணி மாற்றும்? பத்தடி வண்டிக்குள் மணலோடு ஏறினால் அன்று இரவு படுக்கை முழுக்க மணல். ஆவ்னிங் தலைக்கு மேலே மட்டும்தான் மறைக்கிறது. இழுவண்டித் தம்பியின் மனைவி கூடாரம் கேட்பது இதற்காகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஆள் நிற்கும் உயரத்தில் நாலு பக்கமும் அடைத்த சின்னக் கூடாரம் ஒன்று, கதவை ஒட்டி. நிழலுக்குத் தனியாகப் பச்சை நிழல் வலை. வலையில் காற்று ஊடே போகும், துணி அளவுக்கு இழுக்காது. நடுப்பகலில் அடியில் உட்கார்ந்தாலும் வெந்துபோக மாட்டோம். தார்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

மதுரைக் கூடாரம்:
வலையில் மழை ஒழுகும் அக்கா.

பனங்காட்டு அக்கா:
ராமநாதபுரத்தில் ஐப்பசி கார்த்திகை தவிர மழை எப்போது பெய்தது?

உச்சிப்புளி இழுவண்டி:
வீட்டில் கேட்டேன். அக்கா சொன்னதேதான் காரணம். "இதைக்கூட எழுதிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா" என்று எனக்குக் கிடைத்த பாட்டு தனி.

பாம்பன் காற்று:
அப்போது ஒட்டாத கூடாரம்தான். அதையும் சும்மா முளை அடித்து நிறுத்திவிடாதீர்கள். ஒன்பது அங்குலக் கம்பி முளை இந்த மணலில் வெண்ணெயில் கத்திதான். காலி சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, நடு இடுப்பில் கயிறு கட்டி, இரண்டடி ஆழத்தில் படுக்கப் போட்டு மூடுங்கள். கயிறு சாய்வாக வெளியே வரட்டும். போகும்போது மணலைக் கொட்டிவிட்டு சாக்கை எடுத்துப் போகலாம்.

அதைவிட முக்கியம் வண்டியை எப்படித் திருப்பி நிறுத்துவது என்பது. இடது பக்கம் கதவு, சரியா? கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வண்டியின் மூக்கை தென்கிழக்கே வைத்தால் கதவு வடகிழக்கே வரும், காற்றை வண்டியே மறைக்கும். வெயில் சாய்ந்த பிறகு வண்டியின் நிழலும் அந்தப் பக்கம்தான் விழும், துணி பாதி நேரம் தேவையே இல்லை. வாடைக் காலத்தில் அப்படியே எதிராக, மூக்கு வடமேற்கே.

மதுரைக் கூடாரம்:
அரியமானில் கடல் வடக்கே இருக்கிறது, கச்சானுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். வாலிநோக்கத்தில் கடல் தெற்கே. அங்கே கச்சான் காலத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி, சீமைக்கருவேலத்தைப் பார்த்து உட்காரவா டீசல் போட்டு வருகிறோம்?

பாம்பன் காற்று:
கச்சானில் வாலிநோக்கத்துக்கு ஏன் வருகிறீர்கள்? அந்த மாதங்களில் மன்னார் வளைகுடா பொங்கிக்கொண்டிருக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம்தான். வாடையில் மாறிவிடும். தனுஷ்கோடியில் ஆண்கடல், பெண்கடல் என்று காட்டுவார்களே, அதே இரண்டு பக்கம்தான். பருவத்துக்கு ஏற்ற பக்கம் போனால் காற்றும் பாதி, தலைவலியும் பாதி. (தனுஷ்கோடியில் வண்டி போட்டுத் தங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பொழுது சாய்ந்தால் கிளப்பிவிடுவார்கள், கேட்க வேண்டாம்.)

மதுரைக் கூடாரம்:
பஞ்சாங்கம் பார்த்து லீவு போடும் வேலை எனக்கு இல்லை. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் பள்ளி விடுமுறை. ரோலரை நான் விடமாட்டேன்.

சவுக்குத் தோப்பு:
பஞ்சாயத்து முடிந்தால் ஒரு சின்ன விஷயம். துணி எதுவானாலும் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். சமமாகக் கட்டின துணியில் நடுவே தொங்கல் விழுந்து தண்ணீர் சேர ஆரம்பித்தால், காற்று செய்யாததைத் தண்ணீர் செய்யும். அப்புறம், அதற்கு அடியில் கேஸ் அடுப்பு வைத்து மீன் பொரிக்காதீர்கள். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும்.

உச்சிப்புளி இழுவண்டி:
முடிவுக்கு வருகிறேன். துணி மாற்ற ஒட்டாத சின்னக் கூடாரம், அது வீட்டு உத்தரவு. நிழலுக்கு காக்கா சொன்ன ரயில், அதில் நிழல் வலையையே ஓரம் தைத்துப் போட்டுக்கொள்வேன், மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு துணி. காக்கா, ரயிலை இரண்டு பக்கமும் போட்டால் வண்டியைத் திருப்பும் வேலை மிச்சமாகுமா?

பாம்பன் காற்று:
போடலாம், ஆனால் வலப்பக்கம் கதவு இல்லையே. வெயிலில் சுற்றிக்கொண்டு நடப்பீர்கள். வண்டியைத் திருப்புவதே லேசு. முன்கயிறுகள் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். பெரிய வீச்சு வந்தால் சுவர் பிய்வதற்கு முன் கயிறு அறுந்துவிட வேண்டும்.

மதுரைக் கூடாரம்:
அறுந்த கயிற்றோடு கம்பி பறந்து பக்கத்து வண்டிக் கண்ணாடியில் விழுந்தால்?

கீழக்கரை பட்டறை:
கம்பியின் அடியை மணல் சாக்கோடு தனியாகத் தடித்த கயிற்றில் கட்டிவிடுங்கள், துணிதான் விடுபடும், கம்பி அங்கேயே கிடக்கும். வலப்பக்கம் வேண்டாம், அங்கே ஜன்னலும் கேஸ் காற்றுத் துளையும் இருக்கும், சட்டம் நேராகப் போகாது. வெள்ளி தவிர எந்த நாளும் வண்டியைக் கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், பக்கத்திலேயே வெல்டிங் ஓடும்.