வள்ளி கும்மிப் பயிற்சி: செலவும் குப்பையும் குறைய, எல்லாரும் ஆட என்ன வழி?

தமிழரசி, கோபிசெட்டிபாளையம்:
வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கப் போகிறோம். வள்ளி, முருகன் கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் நம் கொங்கு நாட்டு ஆட்டம்தான். அரங்கேற்றத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் பாலியஸ்டர் புடவை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அதைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். தினமும் ஜெனரேட்டர், ஒலிபெருக்கி வாடகை வேறு. பக்கத்து வீட்டுப் பெண் காலுக்குத் தாங்குகருவி (காலிப்பர்) போட்டு நடப்பவள். பாட்டெல்லாம் மனப்பாடம், ஆனால் "நீங்கள் ஆடுங்கள் அக்கா, நான் பார்க்கிறேன்" என்று ஒதுங்குகிறாள். அவளை விட்டுவிட்டு ஆட எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

சரஸ்வதி, சென்னிமலை:
தங்கச்சி, புடவை விஷயத்தில் கறாராக இருங்கள். எங்கள் குழுவில் வீட்டில் இருக்கும் பருத்திப் புடவையைத்தான் கட்டுகிறோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, எதுவானாலும் சரி. குனிவதும் நிமிர்வதும் கைத்தட்டும் ஒன்றாக விழுந்தால் யாரும் நிறத்தைப் பார்க்கமாட்டார்கள். சாயத்தைப் பற்றி நம் பக்கத்தாருக்குச் சொல்லவா வேண்டும்? நொய்யல் ஆற்றில் கலந்த சாயக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011-இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போய்விட்டது. ஒரே இரவு கட்டி மடித்து வைக்கும் புடவைக்கு இன்னும் சாயம் எதற்கு?

அந்தப் பெண்ணை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். வட்டத்தின் நடுவே, ஆசிரியர் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். ஆசிரியர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டை அவள் எடுக்கட்டும். தலைக்கு மேலே ஒரு தட்டு, இடுப்பருகே ஒரு தட்டு, இரண்டும் உட்கார்ந்தபடியே வரும். எங்களிடம் மூட்டுவலிக்கார அம்மாயி ஒருவர் அப்படித்தான் ஆடுகிறார். தாளம் தப்பும்போது நாங்கள் பார்ப்பது அவர் கையைத்தான். ஆண்கள் மட்டுமே ஆடிய இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை பத்திரப்பன் ஐயா. 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் அன்று யோசித்துத் தயங்கியிருந்தால் நாம் யாருமே ஆடியிருக்கமாட்டோம்.

முருகேசன், அவிநாசி:
நான் மின் வேலை செய்பவன். பயிற்சிக்கு ஜெனரேட்டர் தேவையே இல்லை. 500 வாட் ஆலசன் விளக்கை இறக்கிவிட்டு 50 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு கட்டுங்கள். கோயில் நிர்வாகம் சம்மதித்தால் அங்குள்ள இணைப்பே தாங்கும். ஒலிபெருக்கியை அரங்கேற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் தொண்டையால் பாடினால்தான் பாட்டு நிற்கும். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்தால் பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள், வேன் பேச வேண்டாம்.

கவிதா, காங்கேயம்:
சரஸ்வதி அக்கா சொன்னதில் புடவை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒரே நிறம் கட்டும்போதுதான் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்ணும் அங்கே களையெடுக்க வரும் பெண்ணும் ஒன்றாகத் தெரிகிறார்கள். நாங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கைத்தறிப் புடவை ஒரு தொகுதி எடுத்துக் கோயில் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஒரு குழு ஆடி முடித்துத் துவைத்து வைத்தால் அடுத்த குழு கட்டும். இன்னொன்று, சிமெண்ட் களத்தில் ஆடாதீர்கள், முட்டி போய்விடும். மண் தரையில் தண்ணீர் தெளித்து ஆடுங்கள்.

தமிழரசி, கோபி:
பெட்டிப் புடவை யோசனையை வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் கேட்டேன். நடுவில் உட்காரக் கூச்சமாக இருக்கிறதாம், பின்பாட்டு என்றால் சரி என்றாள். சரஸ்வதி அக்கா, முதலில் எந்தப் பாட்டைக் கொடுக்கட்டும்?

சரஸ்வதி, சென்னிமலை:
பிள்ளையார் வணக்கத்தையே கொடுங்கள் அம்மிணி. அடி சிறியது, மெதுவாகப் போகும்.