நைட்ல டாக்டர் இல்லாம பிஏ (பிசிசியன் அசிஸ்டன்ட், டாக்டருக்கு உதவியாளர்) மட்டும் கேசுவாலிட்டி பாக்குறது சரியா?

கெடிலக்கரையான்:
எங்க மாமா பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புல காவலுக்குப் படுப்பாரு, தரையில பாய் தான். போன மாசம் விடியக்காலைல வயித்து வலின்னு துடிச்சாரு, கடலூர்ல ஒரு பிரைவேட் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டு ஓடினோம், பேரு வேணாம். வெள்ளை கோட்டு போட்ட ஒரு பொண்ணு வந்து பிரஷர் பாத்துச்சு, வயித்த அமுக்கிப் பாத்துச்சு, பான்டோபிரசோல் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏத்திட்டு கேஸ் டிரபிள் மாதிரி இருக்கு அப்சர்வேஷன்ல இருக்கட்டும்னு சொல்லிச்சு. கொஞ்ச நேரத்துல கண்ணு இமை தொங்கிருச்சு, எச்சில் முழுங்க முடியல. கட்டுவிரியன் பாம்பு கடிச்சிருக்கு! அங்கேருந்து ஜிப்மர், வென்டிலேட்டர், இப்ப நல்லா இருக்காரு. அப்பறம் தான் தெரியுது அது டாக்டர் இல்லையாம், பிஎஸ்சி பிசிசியன் அசிஸ்டன்டாம். டாக்டர் வீட்ல. இப்பிடி நடத்தலாமா?

டூட்டி_டாக்டர்_பாண்டி:
கூடாது. இதுல பேச என்ன இருக்கு. 2019 என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) சட்டப்படி டாக்டர் ரிஜிஸ்டர்ல பேர் இல்லாதவங்க வைத்தியம் பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். விடியக்காலை வயித்து வலி, தரையில படுத்தவர்னா நம்ம ஊர்ல எவனும் முதல்ல கேக்க வேண்டியது கட்டுவிரியன். கடிச்ச தடமே தெரியாது, வீக்கம் இருக்காது. எங்க படுத்தீங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

நைட்_பிஏ:
டாக்டர் சார், அந்தக் கேள்விய எம்பிபிஎஸ் எல்லாரும் கேட்டுடறாங்களா? கட்டுவிரியன் கடிய வயித்து வலின்னும் பக்கவாதம்னும் திருப்பி அனுப்பின கதை ஜிஹெச்லயும் கேட்டிருக்கேன். நானும் பிஏ தான், மூணு வருஷம் படிச்சு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் முடிச்சவ. 2021 அலைடு ஹெல்த்கேர் (மருத்துவத் துணைப் பணியாளர்) சட்டத்துல எங்க பேர் இருக்கு, எம்ஜிஆர் யுனிவர்சிட்டி டிகிரி குடுக்குது, போலி டாக்டர் கணக்குல எங்கள சேக்காதீங்க. கெடிலம் அண்ணே, ஒண்ணு சொல்லுங்க, அந்தப் பொண்ணு டாக்டருக்குப் போன் அடிச்சுச்சா இல்லையா? அது தெரியாம இதுல தீர்ப்பு சொல்ல முடியாது.

நெல்லிக்குப்பம்_சக்கரை:
போன் அடிச்சா என்னம்மா அடிக்காட்டி என்ன, எங்களுக்குத் தெரிஞ்சது வெள்ளை கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும். நான் ரெண்டு வருஷமா மாத்திரை எழுதி வாங்குற ஆளு டாக்டரா பிஏவான்னு இந்தப் பதிவப் படிச்சப்பறம் தான் சந்தேகமே வருது. போய்க் கேட்டா கோச்சுக்குவாங்களோ 😂

லீட்ஸ்_பாகூரான்:
நான் பாகூர்க்காரன், இங்க யூகேல வார்டுல வேலை பாக்குறேன். இதே சண்டை இங்க வருஷக்கணக்கா ஓடுது. 2022ல லண்டன்ல ஒரு 30 வயசுப் பொண்ணு கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குதுன்னு கிளினிக் போயிருக்கு, ரெண்டு வாட்டியும் பாத்தது பிஏ, அந்தப் பொண்ணு டாக்டர்னே நெனச்சுருக்கு. நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சு இறந்துருச்சு. அப்பறம் 2024 டிசம்பர்ல இருந்து பிஏவுக்கும் இங்க டாக்டர்களப் பதிவு பண்ற ஜிஎம்சில ரிஜிஸ்ட்ரேஷன் வந்துச்சு, 2025 ஜூலைல பிஏ வேலையப் பத்தி அரசு கேட்ட ஜில்லியன் லெங் ரிப்போர்ட் வந்துச்சு. என்ன வியாதின்னே தெரியாம புதுசா வர்ற பேஷண்ட பிஏ முதல் ஆளா பாக்கக் கூடாது, எழுதி வெச்ச புரோட்டோகால் இருக்குற சின்ன விஷயம்னா பாக்கலாம், தனி டிரெஸ் தனி பேட்ஜ் வேணும், ஒவ்வொரு பிஏவுக்கும் பேர் சொல்லி ஒரு டாக்டர் பொறுப்பா இருக்கணும்னு சொல்லிருக்கு. ஆனா பிஏ வேலையவே ஒழிக்கச் சொல்லல, அத ரெண்டு பக்கமும் மறந்துடறாங்க.

டூட்டி_டாக்டர்_பாண்டி:
அதான் நானும் சொல்றேன். இந்தியால இந்தப் படிப்பு எங்க ஆரம்பிச்சது? 1992ல சென்னைல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல, கே.எம்.செரியன் ஹார்ட் சர்ஜரிக்காக ஆரம்பிச்சாரு. அங்க பேஷண்டுக்கு என்னன்னு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு, சர்ஜன் பக்கத்துலயே நிக்கிறாரு, பிஏ கூட நின்னு வேலை செய்வாங்க. அது அருமையான ஏற்பாடு. அதே ஆள நைட் ரெண்டு மணிக்கு தனியா கேசுவாலிட்டில உக்கார வெச்சா அது வேற வேலை. வயித்து வலிக்கு நூறு காரணம் இருக்கு, அதுல எத விடக் கூடாதுன்னு பிரிக்கிறது தான் இருக்குறதுலயே கஷ்டமான வேலை, அத படிப்பு கம்மியா உள்ளவங்க தலைல கட்டிட்டு செக்லிஸ்ட் குடுத்தாச்சுன்னா ஆச்சா? சந்தேகம் வந்தா தான் செக்லிஸ்ட் கைல எடுப்பாங்க, சந்தேகமே வரலன்னா?

நைட்_பிஏ:
சார் பாயிண்ட் புரியுது, தனியா உக்காரணும்னு எங்களுக்கும் ஆசை இல்ல. ஆனா அந்தக் கேசுவாலிட்டில நாங்க இல்லன்னா யாரு? நீங்க வருவீங்களா? வராம நைட் டூட்டிக்கு ஆள் கிடைக்கலன்னு தான எங்கள போடறாங்க. நான் ஈசிஜிய போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடுவேன், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு பாதி கோடு பளபளன்னு அடிக்கும், அத படுக்கையில படுத்துட்டே பாத்து ஓகேன்னு கட்டைவிரல் அனுப்புவாரு கன்சல்டன்ட் (பெரிய டாக்டர்). அது சூப்பர்விஷனா? இன்னொரு வாட்டி கூப்ட்டா இதுக்கெல்லாம் எழுப்புவியான்னு திட்டு. நாலு தடவ திட்டு வாங்கினவ அஞ்சாவது தடவ கூப்பிட யோசிப்பா சார், அங்க தான் பேஷண்ட் போறான்.

ஐசியூ_அக்கா:
இந்த நைட் பிஏ பொண்ணு சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. நான் நர்சு, எத்தனையோ கேஸ் ஷீட் பாத்தாச்சு. டாக்டர்கிட்ட பேசியாச்சுன்னு எழுதி கீழ கன்சல்டன்ட் பேரு இருக்கும், அந்த மனுஷனுக்கு அப்பிடி ஒரு பேஷண்ட் வந்ததே காலைல ரவுண்ட்ஸ்ல தான் தெரியும். எத்தன மணிக்குப் பேசினோம், அவரு என்ன சொன்னாருன்னு எழுத மாட்டாங்க. கெடிலம் தம்பி, மாமா கேஸ் ஷீட் காப்பி வாங்கிப் பாருங்க, கேட்டா குடுத்தே ஆகணும்.

கெடிலக்கரையான்:
அக்கா இன்னைக்கு வாங்கிட்டேன். 4.20க்கு உள்ள எடுத்தது எழுதிருக்கு. 4.35 டாக்டருக்கு போன், எடுக்கல. 4.50 மறுபடி, எடுக்கல. 5.25 இமை தொங்குது, போன், எடுத்தாரு, ஜிப்மர் அனுப்புன்னாரு. 20 நிமிஷம் ரத்தம் உறையுற டெஸ்ட் பண்ணிருக்கு, நார்மல்னு எழுதிருக்கு. அந்தப் பொண்ணு பாம்ப நெனச்சுருக்குன்னு தான இதுக்கு அர்த்தம்? என் கோவம் இப்ப எங்க போறதுன்னே தெரியல.

டூட்டி_டாக்டர்_பாண்டி:
நெனச்சுருக்கு, சரி. ஆனா அந்த டெஸ்ட் கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கு. கட்டுவிரியன் விஷம் நரம்பத் தாக்கும், ரத்தம் ஜம்முனு உறையும். நார்மல் வந்ததும் பாம்பு இல்லன்னு விட்டுருப்பாங்க. பாதி தெரிஞ்சிருக்குறது இதனால தான் ஆபத்துன்றேன். மேல இருந்த டாக்டர் போன எடுத்திருந்தா ஒரு வார்த்தைல சொல்லிருப்பாரு, அந்தாள நான் காப்பாத்த மாட்டேன், தப்பு அவரு மேல தான் பெருசு. அதுக்காக பிஏவ அங்க உக்கார வெச்சது சரின்னு ஆயிடாது.

நைட்_பிஏ:
டெஸ்ட் விஷயம் கரெக்ட் தான் சார். ஆனா போன் எடுக்காத நேரத்தையும் மறைக்காம எழுதிருக்கு பாருங்க, எங்க இடத்துல அப்பிடி எழுதினா அடுத்த நாள் ஆபீஸ் ரூம்ல கூப்ட்டு கிழிப்பாங்க. முதல் ஆள் எடுக்கலன்னா ரெண்டாவது யாரு, அவரும் எடுக்கலன்னா யாரையும் கேக்காம 108 கூப்பிடலாம்னு எழுதி ஒட்டுங்கன்னு எங்க ஆஸ்பத்திரி நடத்துற எம்டிகிட்ட கேட்டேன். பாக்கலாம்னாரு, இன்னும் பாத்துட்டே இருக்காரு.

நெல்லிக்குப்பம்_சக்கரை:
ரெண்டாவது டாக்டருக்கு சம்பளம் யாரு குடுப்பா, கடைசில எங்க பில்லுல தான ஏறும்?

லீட்ஸ்_பாகூரான்:
ஏறட்டும் பங்காளி, பாதி ராத்திரில வென்டிலேட்டர் தேடி ஓடறத விட அது கம்மி தான். கெடிலம், அந்தப் பொண்ணு மேல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறீங்களா?

கெடிலக்கரையான்:
பொண்ணு மேல குடுக்கல. திங்கக்கிழமை அந்த நர்சிங் ஹோம் எம்டிய பாக்குறேன், மாமாவ சேத்த அன்னைக்கு ஆன் கால் (கூப்ட்டா வர வேண்டிய) டாக்டர் யாரு, ஏன் எடுக்கல, பேட்ஜ்ல ஏன் பிஏன்னு போடலன்னு எழுதிக் கேக்கப் போறேன். பதில் எழுத்துல வரலன்னா ஜேடி ஹெல்த் (அரசு சுகாதார இணை இயக்குநர்) ஆபீஸ்ல குடுக்குறதா இருக்கு. டாக்டர் சார், அந்த லெட்டர கொஞ்சம் பாத்துத் தர முடியுமா?

டூட்டி_டாக்டர்_பாண்டி:
இன்பாக்ஸ்ல போடுங்க. அந்தப் பொண்ண தனியா டூட்டி போட்டது யாருன்றதையும் சேத்துக் கேளுங்க.