தூர வீச்சுப் போட்டிக்கு ராடு எடுப்பது: களத்தில் கவனித்தவை

கடற்கரைத் தூண்டில் ராடால் ஈயக் குண்டை எவ்வளவு தூரம் வீசுகிறோம் என்பதுதான் இந்தப் போட்டி. அதற்கு ராடு எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது "எது அதிக தூரம் போகும்?" என்றுதான். "எதை என்னால் அடிவரை வளைக்க முடியும்?" என்று கேளுங்கள். வீச்சுக் களத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறு இதுதான்: முன்னணி வீச்சாளர் கையில் இருக்கும் அதே விறைப்பான ராடை, ஒரு வருடம்கூடப் பழகாதவரும் வாங்கி வைத்திருப்பார். அவர் வீசும்போது மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், அடிக்கம்பு தடி மாதிரி நேராக நிற்கும். ராடு சுமையை வாங்கவே இல்லை என்றால் திருப்பித் தரவும் அதனிடம் ஒன்றும் இருக்காது. பிறகு அந்தக் குறையைத் தோள் பலத்தால் ஈடுகட்டப் பார்ப்பார், வீச்சு வெட்டி வெட்டி வரும், ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) திடீரென வேகமெடுக்கும், நரம்பு, அதாவது தூண்டில் நூல், சிக்கிக்கொள்ளும். பழி ரீல் மேல் விழும்.

பக்கவாட்டில் நின்று ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடது கை இழுத்து, வலது கை தள்ளும் அந்த நொடியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். வளைவு ரீலுக்கு மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர் வரை இறங்கியிருந்தால் ராடு உங்களுக்குப் பொருந்துகிறது. நுனிப்பக்கமே நின்றுவிட்டால் விறைப்பு அதிகம். குண்டு பறந்த பிறகும் நுனி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் நேர் எதிர்க் குறை, நுனி மெலிவு. அந்த ஆட்டத்தில் நரம்பு, அது ஓடும் ராடு வளையங்களில் மோதி மோதித் தூரத்தைத் தின்றுவிடும்.

*

மேலே முதலில் எழுதிய அண்ணன் சொன்னது சரி. வாங்குவதற்கு முன்பே ஓரளவு பார்த்துவிடலாம், அதைச் சேர்க்கிறேன். அடிக்கம்பை ஒரு மேசையில் இறுகப் பிடித்து, ராடை கிடைமட்டமாக வைத்து, நுனியில் அரை கிலோ, பிறகு ஒரு கிலோ தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று ராடுகளை ஒரே எடையில் பார்த்தால் எது எங்கே வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும். ராடின் மேல் எழுதியிருக்கும் கிராம் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். 150 கிராம் என்று எழுதிய இரண்டு ராடுகளில் ஒன்று நேர் தலைக்கு மேல் வீச்சுக்கும், இன்னொன்று ஊசல் வீச்சுக்கும் செய்யப்பட்டிருக்கலாம். ஊசல் வீச்சில் குண்டு பெரிய வட்டமாகச் சுற்றி வந்து ராடை இழுக்கும். அதே எடை ராடுக்குப் பல மடங்கு சுமையாகத் தெரியும். முதல் வகை ராடை அதற்குப் பயன்படுத்தினால் நடுவில் முறியவும் கூடும்.

நீளம் பற்றி: ஊசல் வீச்சுக்கு 12½ முதல் 13½ அடி வரைதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். குண்டைத் தரையில் வைத்து வீசும் முறைக்கு 14 அடியும் அதற்கு மேலும் போகலாம். 13 அடியிலிருந்து 14 அடிக்குப் போனால் நீளம் கிட்டத்தட்ட 8 விழுக்காடு கூடும். ஆனால் அந்தக் கூடுதல் நீளத்தால் நீங்கள் சுழலும் வேகம் 7 விழுக்காடு குறைந்தாலே நுனி வேகத்தில் கிடைத்த லாபம் முழுக்கப் போய்விடும். உயரம் குறைந்தவர்கள் இதை மனதில் வைத்து எடுங்கள்.

*

ரீல் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் ராடு வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். மல்டிப்ளையர் ரீலை (வீசும்போது ஸ்பூலே சுழலும் வகை) மேலே வைத்தால் வலது கைக் கட்டைவிரல் ஸ்பூலை அடக்கும். கீழே, அடியோடு சேர்த்து வைத்தால் இடது கை அதைச் செய்யும், வலது கை தள்ளுவதற்கு மட்டும். போட்டி வீச்சாளர்கள் பலர் கீழே வைப்பதையே விரும்புகிறார்கள். ஆனால் கட்டைவிரல் ஈரமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் ஸ்பூல் நழுவும், அது வீச்சைக் கெடுத்துவிடும்; விரலுக்கு ஒரு ரப்பர் உறையோ கையுறையோ வேண்டும். ரீல் இருக்கை ஒட்டிய ராடை வாங்கினால் இடத்தை மாற்ற முடியாது. முதல் ராடுக்கு வெறும் அடிக்கம்பு, ரீலைப் பிடிக்க நகர்த்தக்கூடிய கவ்விகள் என்று எடுப்பதுதான் என் தேர்வு.

மேல் ரீலுக்கு அளவு இப்படி: அடியை அக்குளில் வைத்து வலது கையை ராடு வழியாக முழுதாக நீட்டுங்கள், கை பிடிக்கும் இடம் ஏறத்தாழ இருக்கை. பெரும்பாலானவர்களுக்கு 70 முதல் 80 செ.மீ.

வளையங்கள்: மல்டிப்ளையருக்கு வளையம் மேல்பக்கம், சிறியது, எண்ணிக்கை அதிகம். நரம்பைக் கோத்து ராடை வளைத்துப் பாருங்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே நரம்பு ராடின் உடலைத் தொட்டால் வளையம் பற்றாது, அந்த இடத்தில் ஒன்று கூட்டுங்கள். ஸ்பின்னிங் ரீலுக்கு (ஸ்பூல் சுழலாமல் நிற்கும் வகை) நேர்மாறு: கீழ்ப்பக்கம், குறைவு, முதல் வளையம் 40 அல்லது 50 மி.மீ. அளவுக்குப் பெரியது. சுருள் சுருளாக வெளிவரும் நரம்பு அங்கே அடங்க வேண்டும்.

*

குண்டு, நரம்பு பற்றியும் எழுதிவிடுகிறேன், இவை பொருந்தாவிட்டால் ராடு எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை. சர்வதேசப் போட்டிகளில் எடைக்குத் தக்கபடி நரம்பின் குறைந்தபட்சத் தடிமன்: 175 கிராமுக்கு 0.35 மி.மீ., 150க்கு 0.31, 125க்கு 0.28, 100க்கு 0.25. ஒரே ராடு நான்குக்கும் போதாது. பழகத் தொடங்க 150 கிராம் நல்ல இடம்.

ஷாக் லீடர் (வீச்சின் அதிர்வைத் தாங்க, நரம்பின் நுனியில் குண்டுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) இல்லாமல் ஒரு வீச்சுகூட வேண்டாம். 13 அடி ராடு என்றால் சுமார் 4 மீட்டர், நுனியிலிருந்து குண்டு தொங்கும் இடைவெளி 1.8 மீட்டர், ஸ்பூலில் எட்டுச் சுற்றுக்கு 1 மீட்டர்: மொத்தம் ஏறத்தாழ 7 மீட்டர். லீடர் முடிச்சை ஸ்பூலின் ஓரத்துக்கு, கட்டைவிரல் படாத பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் இருந்தால் வீச்சில் விரலைக் கிழிக்கும். சில வீச்சுக்கு ஒருமுறை குண்டிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தை இரு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். லீடர் அறுந்த 150 கிராம் ஈயம் துப்பாக்கிக் குண்டுபோலத்தான் போகும், எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. பார்ப்பவர்களைப் பின்னால் நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள்.

புதியவர்கள் ஊசலில் தொடங்கவே வேண்டாம். தரையில் குண்டை வைத்து நேர் கோட்டில் இழுத்து வீசிப் பழகி, ராடு எங்கே வளைகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு போகட்டும். வலது கைக்காரரின் குண்டு இடப்பக்கம் போனால் விடுவது தாமதம், வலப்பக்கம் போனால் அவசரம். எப்போதுமே இடப்பக்கம் போகிறது என்றால் அண்ணன் சொன்ன விறைப்பையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

*

பழைய ராடு வாங்குகிறவர்களுக்கு மட்டும்: இரண்டு துண்டுகளையும் சேர்த்து, நுனியைப் பிடித்து மெதுவாக உலுக்குங்கள். இணைப்பில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் தேய்ந்துவிட்டது. உள்ளே செருகும் ஸ்பிகாட் இணைப்பில் இரு துண்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அது மூடிப் போயிருந்தால் இனி இறுகாது. வெளிச்சத்தில் சாய்த்து, இணைப்பின் வாயோரத்தில் மயிரிழைபோல் நீளவாக்கில் கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை என்னவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.