தங்கத்தில் சியர்பின்ஸ்கி கம்பளம்: மூணு முகடு எங்கே? (சிமுலேஷன் உதவி)

ஒளிக்கீற்று:
வணக்கம். கண்ணாடி மேல 30 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம், அதுல சியர்பின்ஸ்கி கம்பளம் (சதுரத்தை 9 ஆக்கி நடுவை வெட்டிட்டு, மிச்ச 8லயும் அதையே திரும்பத் திரும்பச் செய்ற ஃபிராக்டல் வடிவம்). பக்கம் 810, துளைகள் 270, 90, 30. 900 நானோமீட்டருக்கு ஒண்ணா வரிசையா வருது, ஒளி செங்குத்தா விழுது. எஃப்டிடிடி (ஒளி அலையைக் கட்டம் கட்டமா கணக்கிடுற முறை), மெஷ் (கட்டத்தோட அளவு) 10 நானோ, தங்கத்தோட ஒளிப்பண்புக்கு ஜான்சன்–கிறிஸ்டி தரவு.

துளையோட ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒண்ணா, அலைநீளத்துல 3 மடங்கு இடைவெளியில அதிர்வு முகடுகள் வரும்னு எதிர்பார்த்தேன். 2 மைக்ரோமீட்டரைத் தாண்டி அகலமா ஒண்ணுதான் இருக்கு. 30 நானோ துளைகளைச் சேர்த்தா அது கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகருது, அவ்வளவுதான். 1350ல மட்டும் கூரா ஒரு மடிப்பு. இது ரெண்டாம் தலைமுறையோடதா? கைடு கேட்கிறதுக்குள்ள யாராவது சொல்லுங்க.

துகள்மணி:
மடிப்புக்கும் ஃபிராக்டலுக்கும் சம்பந்தமே இல்லீங்க. 900 × 1.5 (கண்ணாடியோட ஒளிவிலகல் எண்) = 1350. விளிம்பு விளைவோட (வரிசை அமைப்புல பட்டு ஒளி பிரிஞ்சு போறது) முதல் வரிசை கண்ணாடிப் பக்கம் பரப்பை ஒட்டியே போற இடம், ராலே விலகல். இடைவெளியை 1000 ஆக்கினா 1500க்கு ஓடிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல்: ஜான்சன்–கிறிஸ்டி 1972 அட்டவணை 1.94 மைக்ரோமீட்டரோட முடிஞ்சிடுது. அதுக்கு மேல மென்பொருள் தானா நீட்டிக்கிட்டது. உங்க முகடு இருக்கிறதே அங்கதான்! ட்ரூட் மாதிரியை (உலோகத்துல எலக்ட்ரான்கள் கட்டில்லாம ஓடுறதா எடுத்துக்கிற சூத்திரம்) வெச்சு ஒப்பிடுங்க.

ஒளிக்கீற்று:
ஆமாங்க, 1500க்குப் போயிடுச்சு, நன்றி. மத்த ரெண்டு முகடு?

லேப்வாசி:
வராது. மைக்ரோவேவ்ல உலோகம் கிட்டத்தட்ட முழுக்கடத்தி, அதனால ஆன்டெனாவை 3ல் ஒரு பங்காக்கினா அலைநீளமும் அப்படியே சுருங்கும். ஒளியில தங்கத்தோட விடுதிறன் (மின்புலத்துக்கு அது எப்படி எதிர்வினை காட்டுதுங்கிற அளவு) அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுது. 30 நானோ துளை ஒளிக்கு ரொம்பப் பொடிசு. அங்க அதிர்வு எங்க வரும்னு முடிவு பண்றது வடிவமும் சுத்தி இருக்கிற ஊடகமும்தான், அளவு இல்ல. போதாததுக்கு 520 நானோமீட்டருக்குக் கீழ தங்கமே ஒளியை விழுங்கிடும். சின்னத் துளைங்க செய்றது, மின்னோட்டத்தைச் சுத்திப் போக வைக்கிறது. அந்தச் சிவப்பு நகர்வு அதுதான். சந்தேகம்னா உலோகத்தை முழுக்கடத்தியா மாத்தி, எல்லா நீளத்தையும் ஆயிரம் மடங்காக்கி ஓட்டிப் பாருங்க.

மெஷ் 10ன்னா துளைக்கு 3 கட்டம்தான், பத்தாது. 2 ஆக்குங்க. நேரம் நல்லாவே இழுக்கும், ஆனா ரெண்டு அச்சுலயும் சமச்சீர் எல்லை கொடுத்தா கால்வாசிப் பரப்பு போதும், கொஞ்சம் மிச்சமாகும். துளை மூலைகளையும் வட்டமாக்கிடுங்க, எலக்ட்ரான் கற்றை லித்தோகிராபியில கூர்மையா வராது.